மண்ணுக்கடியில் இருப்பது யார் கணக்கில்? திட்ட மேலாண்மையில் இடரும் நிச்சயமின்மையும்

ஒரு கட்டுமானத் திட்டத்தைக் குலைக்கக்கூடிய காரணங்களில் சிலவற்றுக்குப் பழைய கணக்கு உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் கான்கிரீட் வேலை எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால், நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட மழைப் பதிவைப் பார்த்து ஒரு பதில் சொல்லிவிடலாம். பதில் தவறலாம். ஆனால் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதையும் அதே பதிவு சொல்லிவிடும். அதே மனைக்கு இருபது மீட்டர் கீழே, இரண்டு மண் பரிசோதனைத் துளைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எந்தப் பதிவும் உதவாது. அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் முதலாவதை இடர் என்றும் இரண்டாவதை நிச்சயமின்மை என்றும் பிரித்தார். அளக்கக்கூடிய இடருக்கு விலை வைத்துக் காப்பீடு செய்யலாம். அளக்க முடியாத நிச்சயமின்மையை யாராவது சுமந்தே தீர வேண்டும், லாபம் என்பது அந்தச் சுமைக்குக் கிடைக்கும் கூலி என்பது அவர் வாதம்.

நடைமுறையில் திட்ட அலுவலகங்கள் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கையாள்கின்றன. பெரும்பாலான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சுரங்க ரயில், சாலைச் சுரங்கம் போன்ற நிலத்தடி வேலைகளில் இந்தக் குழப்பம் மறைக்க முடியாதபடி வெளிவந்துவிடும் என்பதால், அவற்றை வைத்தே இதைப் பார்ப்பது நல்லது.

அளக்கக்கூடிய பக்கத்துக்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக 1958இல் உருவாக்கிய பெர்ட் முறை ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடு கேட்கிறது: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். வழக்கமான நாளை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் அதோடு கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். நூறு மீட்டர் சுரங்கம் குடைய நல்ல நிலையில் 10 நாள், வழக்கமாக 14 நாள், மோசமான நிலையில் 36 நாள் என்று வைத்துக்கொண்டால் விடை 17 நாள். அட்டவணை போடுகிறவர் 14 என்றுதான் எழுதுவார். நடுவில் விடுபடும் மூன்று நாள் யாருடைய சோம்பலாலும் வருவதல்ல. வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை இருக்கிறது, இழுத்துக்கொண்டு போவதற்கு அப்படி எல்லை இல்லை என்பதுதான் காரணம்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது வேலைகள் ஒன்றுசேரும் இடம். சுரங்கம், நிலையக் கட்டடம், மின் இணைப்பு மூன்றும் முடிந்தால்தான் தண்டவாளம் போட முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் குறித்த தேதிக்குள் முடிய 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஒன்றின் தாமதம் மற்றொன்றைத் தொடாது. அப்படியானால் மூன்றும் சேர்ந்து அந்தத் தேதிக்குத் தயாராக இருக்கும் வாய்ப்பு 51 சதவீதம்தான். மூன்று பொறுப்பாளர்களும் ஆய்வுக் கூட்டத்தில் ‘பெரும்பாலும் முடிந்துவிடும் சார்’ என்று சொல்லியிருப்பார்கள், மூவரும் உண்மையே சொல்லியிருப்பார்கள், ஆனாலும் திட்டம் பூவா தலையா நிலையில்தான் நிற்கும். நூற்றுக்கணக்கான வேலைகள் உள்ள அட்டவணையில் இந்தக் கணக்கைக் கையால் போட முடியாது. லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் 1940களில் பிறந்த மான்டி கார்லோ முறையைக் கொண்டு, கணினி ஆயிரக்கணக்கான தடவை அட்டவணையை ஓட்டிப் பார்த்து ‘இந்தத் தேதிக்குள் முடிய 80 சதவீத வாய்ப்பு’ என்கிற வகையில் விடை தரும்.

போலாரிஸ் திட்டத்தை ஆராய்ந்து 1972இல் நூல் எழுதிய ஹார்வி சபோல்ஸ்கியின் முடிவு இங்கே சுவையானது. ஏவுகணை காலத்தோடு வந்துசேர்ந்ததற்குப் பெர்ட் காரணமல்ல, வெளியார் வந்து தலையிடாமல் தடுக்கும் கவசமாகவே அது அதிகம் பயன்பட்டது என்கிறார் அவர். வண்ண வண்ண வரைபடங்களுக்கு அந்தப் பயன் இன்றும் குறையவில்லை.

இடர்ப் பதிவேடு என்பது இதைவிட எளிய கருவி. நடக்கக்கூடியது என்ன, நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் இழப்பு எவ்வளவு, பொறுப்பு யாருடையது என்று வரிசையாக எழுதி, வாய்ப்பையும் இழப்பையும் பெருக்கி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுப்பார்கள். பெருக்கலில்தான் சிக்கல். 50 சதவீத வாய்ப்புள்ள 2 கோடி ரூபாய் இழப்பும், 1 சதவீத வாய்ப்புள்ள 100 கோடி ரூபாய் இழப்பும் பெருக்கினால் ஒரே ஒரு கோடிதான். முன்னதை ஒதுக்கீட்டுப் பணத்தில் சமாளித்துவிடலாம். பின்னது ஒரு நிறுவனத்தையே சாய்த்துவிடும். இடர் ஆய்வாளர் டோனி காக்ஸ் 2008இல் எழுதிய ஆய்வுரையில், வாய்ப்பையும் இழப்பையும் வைத்து நிறம் கொடுக்கும் இத்தகைய கட்டங்கள் சில நேரங்களில் பெரிய இடரைச் சின்னதற்குக் கீழே தள்ளிவிடும் என்று கணித முறையில் காட்டினார். அதைவிடப் பெரிய குறை வேறு: பதிவேட்டில் எழுத முடிவது ஏற்கெனவே ஒருவர் நினைத்துப் பார்த்தது மட்டுமே. ‘பொறுப்பு’ என்ற பத்தியில் ஓர் ஆளின் பெயருக்குப் பதில் ‘அனைவரும்’ என்றோ ஒரு துறையின் பெயரோ இருந்தால், அந்த வரியை எழுதாமலே இருந்திருக்கலாம்.

கருவிகள் இருந்தும் மதிப்பீடுகள் ஏன் ஒரே பக்கமாகத் தவறுகின்றன என்பதற்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ஒரு விளக்கம் தந்தார்கள். திட்டமிடுகிறவர் தன் வேலையை உள்ளிருந்து பார்க்கிறார். இதுபோன்ற வேலைகள் மற்றவர்களுக்கு எப்படி முடிந்தன என்பதை அவர் பார்ப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியாவும் கூட்டாளிகளும் 2002இல் 258 போக்குவரத்துத் திட்டங்களின் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதமும், பாலங்களும் சுரங்கங்களும் 34 சதவீதமும், சாலைகள் 20 சதவீதமும் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. அறியாமையால் வரும் பிழை என்றால் பாதித் திட்டங்கள் மதிப்பீட்டுக்குக் கீழேயும் முடிந்திருக்க வேண்டும். அப்படி இல்லாததால், ஒப்புதல் வாங்குவதற்காகவே குறைத்துக் காட்டப்பட்ட எண்களும் இதில் உண்டு என்று அவர்கள் வாதிட்டார்கள். இதற்கு மாற்றாக வந்தது ஒத்த திட்டங்களின் பழைய கணக்கை வைத்து மதிப்பீட்டைத் திருத்தும் முறை. பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறைக்காக 2004இல் தயாரான வழிகாட்டுதல், ஒரு ரயில் திட்டம் ஒதுக்கீட்டுக்குள் முடிய 80 சதவீத உறுதி வேண்டுமானால் மதிப்பீட்டோடு 57 சதவீதத்தைக் கூட்டச் சொன்னது. நம் ஊர் எஸ்டிமேட்டின் கடைசி வரியில் ‘எதிர்பாராச் செலவு’ என்று வரும் சில சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தத் திருத்தமும் முழு மருந்தல்ல. எடின்பரோ நகர டிராம் இந்த முறையை முதன்முதலில் பயன்படுத்திய திட்டங்களில் ஒன்று. 2008இல் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானபோது விலை பெரும்பாலும் நிலையானது என்று நம்பப்பட்டது. உண்மையில் அந்த விலை பல அனுமானங்களின் மேல் நின்றது. அவற்றில் ஏதாவது ஒன்று மாறினாலும் விலையைத் திரும்பப் பேசலாம். தெருக்களைத் தோண்டியதும் தண்ணீர்க் குழாய்களும் கேபிள்களும் வரைபடத்தில் இல்லாத இடங்களிலெல்லாம் தலைகாட்டின, அனுமானங்கள் ஒவ்வொன்றாக மாறின. 545 மில்லியன் பவுண்டு ஒதுக்கிய திட்டம், பாதையைக் குறைத்த பிறகும் 776 மில்லியனில் முடிந்தது. 2011இல் ஓட வேண்டிய டிராம் 2014 மே மாதக் கடைசியில் ஓடியது. மொத்தத் தொகையைப் புள்ளிவிவரம் சரியாக ஊகித்தாலும், தெருவுக்கடியில் எந்த இடத்தில் எந்தக் குழாய் இருக்கிறது என்று அது சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டியது மண் பரிசோதனை. அது எவ்வளவு சொல்லும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நகர ரயிலுக்கான சுரங்க இயந்திரம் குடையும் துளையின் விட்டம் ஏறத்தாழ 6.6 மீட்டர். ஐம்பது மீட்டருக்கு ஒரு பரிசோதனைத் துளை போட்டு, 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாறை உருளையை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். இயந்திரம் அந்த ஐம்பது மீட்டரில் வெட்டப்போவது 1,700 கன மீட்டர். சுரங்கத்தின் உயரத்துக்குள் கையில் கிடைத்த மாதிரி 0.015 கன மீட்டர், ஒரு சின்ன வாளி அளவு. பார்த்தது ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவின் சுரங்கத் தொழில்நுட்பத்துக்கான தேசியக் குழு 1984இல் வெளியிட்ட ஆய்வு, திட்டச் செலவில் 3 சதவீதத்தை நில ஆய்வுக்கே செலவிடலாம் என்றும், சுரங்கத்தின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒன்றரை அடி பரிசோதனைத் துளை போடலாம் என்றும் பரிந்துரைத்தது. டெண்டருக்கு முன்னால் அவ்வளவு செலவழிக்கப் பெரும்பாலான அரசுத் துறைகளுக்கு மனம் வருவதில்லை. காரணம் எளிது: அந்தச் செலவு இந்த ஆண்டுக் கணக்கில் வரும், அதனால் தவிர்க்கப்படும் இழப்பு எந்த ஆண்டுக் கணக்கிலும் வராது.

சென்னையின் நிலம் இந்த வகையில் கடினமானது. கீழே கெட்டிப் பாறை, மேலே மணலும் களிமண்ணும், இரண்டுக்கும் நடுவில் உருண்டைப் பாறைகள். இயந்திரத்தின் முகப்பில் கீழ்ப்பாதி பாறையிலும் மேல்பாதி மணலிலும் இருக்கும்போது, பாறை மெல்ல மெல்ல வெட்டுப்படும், மணல் தானாகவே உள்ளே சரியும். முகப்பின் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் மேலே பள்ளம் விழும். 2017 ஏப்ரல் 9 ஞாயிற்றுக்கிழமை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. உயிரிழப்பு இல்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பவ்பஜாரில் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டது. நீரோடு மண்ணும் உள்ளே வர, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் கண்டு சில இடிந்தன, நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டு இடங்களிலும் ‘நிலம் தாழலாம்’ என்பது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. எந்த மீட்டரில், எந்த நாளில் என்பதுதான் தெரியாது.

தெரிந்த தகவலும் தெரியாததைப் போலவே கேடு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாட்சி. கடற்கரையோர மேம்பாலச் சாலை 2001 நில நடுக்கத்தில் சேதமடைந்ததால், அதற்குப் பதிலாக நகரத்துக்கு அடியில் சாலைச் சுரங்கம் அமைக்க வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறை முடிவு செய்தது. 17.5 மீட்டர் விட்டத்தில், அன்றைக்கு உலகிலேயே பெரிய சுரங்க இயந்திரம் ஜப்பானில் செய்யப்பட்டு வந்தது. பெயர் பெர்த்தா. 2013 ஜூலையில் புறப்பட்ட பெர்த்தா, ஏறத்தாழ 300 மீட்டர் போனதும் டிசம்பர் 3 அன்று ஓர் இரும்புக் குழாயில் மோதியது. சில நாளில் சூடேறி நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது முதன்மை பேரிங்கைக் காக்கும் சீல் கெட்டிருந்தது. சுரங்க இயந்திரத்துக்குப் பின்னோக்கி வரும் வழி கிடையாது, வந்த பாதையில் கான்கிரீட் வளையங்கள் பதிந்துவிட்டன. ஆகவே அதன் முன்னால் 120 அடி ஆழத்துக்கு ஒரு குழியை வெட்டி, சுமார் 2,000 டன் எடையுள்ள முகப்பைக் கிரேனால் தூக்கி மேலே வைத்துச் சரிசெய்தார்கள். திரும்பவும் வேலை தொடங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2015 கடைசியில் திறக்க வேண்டிய சுரங்கம் 2019 பிப்ரவரி 4 அன்றுதான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

எட்டு அங்குல விட்டமும் 119 அடி நீளமும் கொண்ட அந்தக் குழாயை 2002இல் நிலத்தடி நீரைச் சோதிக்க இறக்கியது வேறு யாருமல்ல, அதே போக்குவரத்துத் துறை. ஒப்பந்த ஆவணங்களில் அந்தச் சோதனைக் கிணறு குறிப்பிடப்பட்டுதான் இருந்தது என்றது துறை. இப்படி ஓர் இரும்புக் குழாய் பாதையில் நிற்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை என்றது ஒப்பந்த நிறுவனம். குழாயால்தான் இயந்திரம் கெட்டதா, இயந்திரமே பலவீனமானதா என்பதும் வழக்காயிற்று. 2019 டிசம்பரில் ஜூரி மாநில அரசின் பக்கம் தீர்ப்பளித்து, ஒப்பந்த நிறுவனம் 57.2 மில்லியன் டாலர் தர வேண்டும் என்றது. காப்பீட்டு நிறுவனங்களோடு நடந்த வழக்கு தனிக்கதை. இதில் கவனிக்க வேண்டியது தீர்ப்பை அல்ல. குழாயின் தகவல் ஓர் அலுவலகத்தின் கோப்பில் இருந்தது. அந்த இடத்தை இயந்திரம் நெருங்குவதற்கு முன்னால் யார் போய்ப் பார்த்துப் பிடுங்கி எடுக்க வேண்டும் என்பது யாருடைய பெயரிலும் இல்லை. வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டு, வற்றியதும் மூடிவிட்டு அடுத்ததைத் தோண்டிய சென்னை போன்ற ஊரில், இத்தகைய குழாய்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

நிலத்தடியில் எதிர்பாராதது வந்தால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. இந்தியாவில் டெண்டர் ஆவணங்களோடு தரப்படும் மண் ஆய்வு அறிக்கையில் ‘இது தகவலுக்காக மட்டுமே, ஒப்பந்ததாரர் தாமே ஆராய்ந்து திருப்தியடைய வேண்டும்’ என்ற வகையில் ஒரு வரி சகஜம். டெண்டருக்குக் கிடைக்கும் சில வாரங்களில் யாராலும் நகர நடுவில் துளை போட்டு ஆராய முடியாது என்பது எழுதியவருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். இப்படிப்பட்ட டெண்டரில் குறைந்த விலை கேட்டு வேலையை எடுப்பவர் மற்றவர்களைவிடத் திறமைசாலியாக இருக்கலாம். மற்றவர்களைவிட மண்ணை நல்லதாக நினைத்துக்கொண்டவராகவும் இருக்கலாம். இரண்டாமவர் என்றால் பாறை வந்ததும் முதல் வேலையாகக் கடிதம் போகும், பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும், இயந்திரம் நிற்கும். உரிமையாளர் தள்ளிவிட்டதாக நினைத்த இடர், வட்டியோடு அவரிடமே திரும்பி வரும்.

இதற்கு அமெரிக்கச் சுரங்கத் துறை கண்டுபிடித்த வழி, நில அடிப்படை அறிக்கை. நிலம் எப்படி இருக்கிறது என்பதை உரிமையாளர் எண்களில் எழுதி ஒப்பந்தத்தோடு சேர்க்கிறார்: இத்தனை மீட்டருக்குப் பாறை, இத்தனை உருண்டைக் கற்கள், நீர்வரத்து இவ்வளவு. நிஜம் அந்த எண்களுக்குள் இருந்தால் செலவு ஒப்பந்ததாரருடையது, மீறினால் உரிமையாளருடையது. எழுதிய எண் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, இருவரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடாக இருந்தால் போதும். எல்லைக்கோட்டை மோசமான பக்கமாக வரைந்தால் டெண்டர் விலை ஏறும், நல்ல பக்கமாக வரைந்தால் பின்னால் கூடுதல் கோரிக்கைகள் வரும். எந்தப் பக்கம் வேண்டும் என்பதை உரிமையாளர் வேலை தொடங்கும் முன்பே, கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறார். அறிக்கையின் பெரிய பயன் இதுதான்.

ஒப்பந்தம் பணத்தைப் பிரிக்கும், நிலத்தை மாற்றாது. தோண்டத் தொடங்கிய பிறகு நிச்சயமின்மையைக் கையாளுவதற்கு மண் பொறியியலாளர் ரால்ஃப் பெக் 1969இல் லண்டனில் ஆற்றிய ரேங்கின் சொற்பொழிவில் தெளிவாக வகுத்துக் கொடுத்த முறை இன்றும் அடிப்படை. நிலம் பெரும்பாலும் எப்படி இருக்குமோ அதற்கு வடிவமைக்க வேண்டும். எவ்வளவு மோசமாக இருக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டு, அப்படி ஆனால் என்ன செய்வது என்று ஏற்பாட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போது எதை அளப்பது, எந்த அளவைத் தாண்டினால் எந்த ஏற்பாடு என்பதும் முன்னதாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். அளவு தாண்டிய பிறகு யோசிக்க உட்காருவதை இந்த முறை ஏற்காது. நடுவில் வடிவமைப்பை மாற்ற ஒப்பந்தம் இடம்கொடுக்காவிட்டால் இந்த முறையைத் தொடவே கூடாது என்பது பெக்கின் எச்சரிக்கை.

எச்சரிக்கையின் அர்த்தம் 1994 அக்டோபரில் ஹீத்ரோ விமான நிலையத்தில் தெரிந்தது. விமான நிலையத்துக்கு ரயில் விடுவதற்காகக் குடைந்துகொண்டிருந்த சுரங்கங்கள் இரவில் இடிந்து விழுந்தன. ஒருவரும் சாகவில்லை, அது அதிர்ஷ்டம். நில அசைவை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன, அவை அசைவைப் பதிவும் செய்திருந்தன. பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆணையம் 2000இல் வெளியிட்ட அறிக்கை, தரக்குறைவான கட்டுமானத்தோடு நிர்வாகத்தின் தோல்வியையும் காரணமாகக் காட்டியது. வந்த அளவீடுகளைப் படித்து ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இல்லை. இரண்டு நிறுவனங்களுக்கு 1999இல் மொத்தம் 1.7 மில்லியன் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

விமான நிலைய நிர்வாகமான பி.ஏ.ஏ. அந்த இடிபாட்டிலிருந்து வேறொரு பாடம் கற்றது. யார் குற்றவாளி என்று தேடாமல் எல்லா நிறுவனங்களையும் ஒரே குழுவாக உட்காரவைத்துச் சுரங்கத்தை மீட்டு முடித்தது. அதே அணுகுமுறையில், 4.3 பில்லியன் பவுண்டு செலவிலான ஐந்தாம் முனையத்துக்கு ஒரு புதுவகை ஒப்பந்தம் போட்டது. இடர் முழுவதையும் உரிமையாளரே ஏற்றுக்கொண்டார். ஒப்பந்ததாரர்களுக்கு உண்மைச் செலவும் உறுதியான லாபமும், செலவு குறைந்தால் அதில் பங்கும் கிடைத்தன. பழி வராது என்று தெரிந்ததால் சிக்கல்கள் சீக்கிரம் வெளியே வந்தன. முனையத்தின் பெரிய கூரையைக்கூட முதலில் யார்க்ஷயரில் ஒரு பகுதி கோத்துப் பார்த்து, தப்புகளை அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் லண்டனில் ஏற்றினார்கள். கட்டடம் குறித்த நாளில், ஒதுக்கிய பணத்தில் முடிந்தது.

2008 மார்ச் 27 அன்று திறந்த முதல் நாளே அது சிரிப்புக்கிடமாயிற்று. ஊழியர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, சிலருக்குக் கணினியில் நுழைய முடியவில்லை, பெட்டிகள் தேங்கின. சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, ஆயிரக்கணக்கான பெட்டிகள் உரியவர்களைப் பிரிந்து கிடந்தன. கட்டுமான இடருக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூடத் திறப்புக்கான ஒத்திகைக்குக் கிடைக்கவில்லை. திறப்பு நாள் மாறாமல் முந்தைய வேலைகள் மட்டும் நீண்டதால் அந்த ஒத்திகை நாட்கள் சுருக்கப்பட்டிருந்தன. கால நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது எப்போதும் சோதனைக்கான நாட்கள்தான், சென்னையானாலும் லண்டனானாலும்.

ஐந்தாம் முனையத்தின் வழி எல்லா அரசுத் துறைக்கும் ஒத்துவராது. இடர் முழுவதையும் ஏற்க ஆழமான பையும், ஒப்பந்ததாரரின் கணக்குப் புத்தகத்தைத் தினமும் படிக்கும் திறமையான பொறியியலாளர்களும் வேண்டும். தணிக்கைத் துறையின் கேள்விக்கு அஞ்சும் அலுவலகத்தில் அது நடக்காது. அதைவிட நடைமுறைக்கு நெருக்கமானது நிலத்தடி வேலைகளுக்கென்றே சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பான ஃபிடிக்கும் சர்வதேசச் சுரங்கச் சங்கமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம். நிலம் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தால் அது உரிமையாளரின் கணக்கு. அந்த நிலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் குடைவது என்பது ஒப்பந்ததாரரின் கணக்கு, அந்த வேகத்தை அவர் டெண்டரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பாதையில் எந்த வகை நிலம் எத்தனை மீட்டர் வந்ததோ அதற்கேற்ப முடிக்க வேண்டிய தேதி நீளும் அல்லது சுருங்கும்.